உத்தரத்துக்கு மேலே இருந்த வாத்தியம்

காஞ்சிபுரத்தில் செல்லு என்று சொன்னால்தான் புரியும். கரையான் என்பது நாங்கள் கம்பெனி அறிக்கையில் எழுதுகிற சொல். பூச்சி மருந்து அடிக்கிற ஒரு தனியார் கம்பெனியில் நான் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். கதவில் செல்லு, பீரோவுக்குப் பின்னால் செல்லு, குழித்தறியின் காலில் ஏறிய செல்லு என்று ஊரில் பாதி வீடுகளின் உட்புறம் எனக்குத் தெரியும். வீட்டுக்காரர்கள் காட்டாத இடத்தைப் பார்ப்பதுதான் என் வேலை. கட்டிலை நகர்த்தச் சொல்வேன், சாமி படத்தைக் கழற்றச் சொல்வேன். பக்கத்து ஊரான தாமலில் கூலி வேலை செய்த என் தாத்தாவை வாசலோடு நிறுத்திய தெருக்களில், நான் சமையலறை அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தேன். அதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அந்த வீட்டுக்குப் போனது ஓர் ஐப்பசி மாதச் சனிக்கிழமை காலை. பிள்ளையார்பாளையத்துக்குள், இரண்டு பக்கமும் தறிச் சத்தம் கேட்கிற ஒரு சந்தில், மாடி வைத்த பழைய வீடு. வாசலில் சின்னப் பலகை தொங்கியது: ‘இசைப் பெட்டிக் காட்சியகம். ஞாயிறு மட்டும்.’ எத்தனையோ தடவை அந்தச் சந்தில் வண்டியில் போயிருக்கிறேன், அந்தப் பலகையைப் பார்த்ததில்லை. முந்தின நாள் மழை பெய்திருந்தது. வாசற்படியின் ஓரத்தில் ஈசல் சிறகுகள் ஈரத்தில் ஒட்டிக் கிடந்தன. சிறகு முளைத்த செல்லுதான் ஈசல்; அது எங்கிருந்து கிளம்பியது என்று பார்ப்பது எங்களுக்குப் பழக்கம். நிமிர்ந்து பார்த்தேன். மாடி ஜன்னலின் கீழ்க்கட்டையிலிருந்து சுவரோடு சிறகுகள் கோடாக இறங்கியிருந்தன. வெளியே இருந்து வந்தவை அல்ல. வீட்டுக்குள்ளிருந்து பறந்தவை.

கதவைத் திறந்தவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். ஒல்லியான ஆள், துவைத்து வெளுத்த சட்டை, விரல் நகங்களில் எண்ணெய்க் கறுப்பு. அட்டையில் ஓட்டை போட்டுப் புடவையில் பூ வரவைக்கிற ஜக்கார்டு பெட்டி இருக்கிறதே, அதைப் பழுது பார்க்கும் மெக்கானிக்காக நாற்பது வருடம் இருந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்காவும் அவரும் மட்டும்தான் அந்த வீட்டில்.

“வா தம்பி. ஒரே ஒரு பொட்டில பொடி கொட்டுது. அதுக்கு மட்டும் மருந்து போட்டா போதும்” என்றார். “ஆனா மொதல்ல எல்லாத்தையும் பாத்துடு. பாக்காம யாரும் இந்த வீட்டுல இருந்து போனதில்ல.”

படி குறுகல். மேலே ஒரே நீள அறை. ஜன்னல்களை மூடி வைத்திருந்ததால் மரம், எண்ணெய், பழைய துணி எல்லாம் கலந்த வாசனை. சுவரோரமாக மேசைகள், மேசைகள் மேல் பெட்டிகள். பழைய பங்களாக்களிலும் காயலான் கடைகளிலும் தேடிப் பிடித்து, ஒவ்வொன்றையும் அவரே பழுது பார்த்து ஓட வைத்திருந்தார். எதற்கும் மின்சாரம் கிடையாது. சாவி கொடுத்தால் தானாக வாசிக்கும்.

முதலில் ஒரு சின்ன மரப்பெட்டி. உள்ளே பித்தளை உருளை, உருளை முழுக்க ஊசி முனைகள், அவை தட்டுவதற்கு ஒரு எஃகுச் சீப்பு. சீப்பில் நாலைந்து பல் உடைந்திருந்தது. பாட்டு அழகாகத்தான் இருந்தது, ஆனால் அந்தப் பல் வருகிற இடத்தில் எல்லாம் ஒரு நொடி நின்று போவதுபோல இருக்கும். அடுத்தது சோற்றுத்தட்டு அளவு இரும்புத் தட்டு சுற்றுகிற பெட்டி. அதற்கும் அடுத்தது கைக்குள் அடங்குகிற வெள்ளிப் பெட்டி. மூடியைத் திறந்ததும் விரல் நுனி அளவு ஒரு பறவை எழுந்து, கழுத்தைத் திருப்பி, அலகைத் திறந்து பாடியது. அதன் ஒரு பக்கம் இறகு முழுவதையும் பூச்சி தின்றிருந்தது. மொட்டைத் தோளோடு அது எங்கள் இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்துப் பாடியதை என்னால் ரசிக்க முடியவில்லை.

“எப்படி?” என்றார்.

“நல்லா இருக்குது சார்.”

“இது எல்லாம் சும்மா. பெரிசு அங்க இருக்குது.”

அறையின் கடைசியில், பின்சுவரை ஒட்டி, கூரையைத் தொட்டுக்கொண்டு நின்றது அது. பீரோ மாதிரி, ஆனால் இரண்டு பீரோவின் அகலம். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வரிசையாக மரக்குழல்கள், தோல் துருத்தி, ஒரு பெரிய மேளம், ஜால்ரா, முக்கோணக் கம்பி. மலை ஊர் ஒன்றில் ஏலம் போன பங்களாவிலிருந்து துண்டு துண்டாகக் கொண்டுவந்து, ஜன்னல் சட்டத்தைக் கழற்றிக் கயிறு கட்டி மேலே ஏற்றினாராம். ஒன்பது வருடம் ஆகிறதாம். பூட்டி முடிக்கவே இரண்டு வருடம் பிடித்ததாம்.

பக்கத்தில் இருந்த கைப்பிடியைச் சுற்றிவிட்டு நகர்ந்து நின்றார். உள்ளே எங்கேயோ ஒரு பாரம் இறங்கத் தொடங்கியது. துருத்தி மூச்சு வாங்கியது. பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்தன. எந்த ஊர்ப் பாட்டோ தெரியாது, ஊர்வலத்துக்கு வாசிக்கிற மாதிரி இருந்தது. நான் கேட்டது பாட்டை அல்ல. மேளம் விழுகிற ஒவ்வொரு தடவையும் என் குதிகாலுக்குக் கீழே தரை இறங்கி இறங்கி ஏறியது. கட்டிலில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் ஒருவர் எழுந்தால் தெரியுமே, அந்த அளவுதான். ஆனால் அது தரை.

ஆறு நிமிடம் வாசித்து நின்றது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “கை தட்டுவாங்க எல்லாரும்” என்றார்.

நான் கை தட்டினேன்.

பொடி கொட்டிய பெட்டிக்கு அதிக நேரம் ஆகவில்லை. அது செல்லு இல்லை, உளுப்பூச்சி. குண்டூசித் துளைகளில் ஊசியால் மருந்தைச் செலுத்தி, மெழுகு வைத்து அடைத்தேன். அதன் பிறகு கிளம்பியிருக்கலாம். ஜன்னலோரம் பார்த்த சிறகுகள் என்னைக் கிளம்ப விடவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு பெரிசின் பின்பக்கம் குனிந்தேன். சுவரில் விரல் தடிமனுக்கு மண் வரிகள், ஒன்று இரண்டு அல்ல, வேர் மாதிரிப் பிரிந்து, தரையும் சுவரும் சேருகிற இடத்தில் உள்ளே போயின. அந்த இடத்தில் காரை பெயர்ந்து, தரையைத் தாங்கும் உத்தரத்தின் முனை தெரிந்தது. ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன். அழுத்தவே வேண்டியிருக்கவில்லை. பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது.

படுத்து, மரத்தில் காதை வைத்தேன். தொந்தரவு செய்தால் செல்லு தலையால் மரத்தைத் தட்டும். தனியாக ஒன்று தட்டினால் கேட்காது. ஆயிரக்கணக்கில் இருந்தால், காய்ந்த இலைமேல் தூறல் விழுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறேன். அன்றைக்குக் கேட்டது தூறல் இல்லை, மழை.

“இதுக்குக் கீழ என்ன ரூம் சார்?” என்று கேட்டேன்.

“அக்கா ரூம்” என்றார். சொல்லிவிட்டு ஒரு பெட்டியின் மூடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

நான் கீழே இறங்கினேன். அவர் பின்னாலேயே வந்தார். அக்காவின் அறைக் கதவு திறந்துதான் இருந்தது. எண்பது வயதை நெருங்குகிற அம்மா, ஜன்னலோரக் கட்டிலில் தலையணைக்குச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பதினொரு வருடத்துக்கு முன் இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து படி ஏறினதில்லை என்று அவரே சொன்னார். பெரிசு வீட்டுக்கு வந்து ஒன்பது வருடம். அப்படியென்றால் இவர் அதைப் பார்த்ததே இல்லை.

“மருந்து அடிக்க வந்த பிள்ளையா? உக்காருப்பா. இப்ப மேல வாசிச்சுதே, அது அடிச்சா என் மேல மாவு கொட்டுது. தெனமும் போர்வைய உதறிக்கினு கெடக்கறேன். சுண்ணாம்புன்னு சொல்றான் இவன்.”

போர்வையின் மடிப்பில் இருந்ததை விரலில் எடுத்துத் தேய்த்தேன். சுண்ணாம்பு இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். கட்டிலுக்கு நேர் மேலே உத்தரம் ஓடியது. அதன் மேல் குறுக்குச் சட்டங்கள், சட்டங்களுக்கு மேல் செங்கல்லும் காரையும், அதற்கும் மேல் பெரிசு. உத்தரம் முழுக்கப் பழைய பச்சைப் பெயிண்ட் வெளுத்துப் போயிருந்தது. சுவரோடு சேருகிற முனையில் மட்டும் இரண்டு முழ நீளத்துக்குப் புதுப் பச்சை. பட்டி வைத்துப் பூசி, தேய்த்து, நேர்த்தியாக அடித்திருந்தார்கள். கை தேர்ந்த வேலை.

அவரைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

“கொஞ்சம் வெளிய வா தம்பி” என்று என்னை நடைக்குக் கூட்டிப்போனார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். “தெரியும் எனக்கு. போன வருஷமே தெரியும். நாளைக்கு மெட்ராஸ்ல இருந்து பழைய வாத்தியம் சேக்குற சங்கத்து ஆளுங்க வராங்க, இருபது பேரு. புடிச்சிருந்தா எல்லாத்தையும் அவங்க ஹால்ல வெச்சிப் பாத்துக்கறாங்களாம். எனக்கு அப்புறம் இதுக்கு யார் இருக்குறாங்க? செல்லுன்னு தெரிஞ்சா ஒரு பொட்டி கூட தொடமாட்டாங்க. செல்லு இல்லைன்னு உங்க கம்பெனி லெட்டர் ஒண்ணு குடுத்துடு. அவங்க போனதும் பாத்துக்கலாம்.”

“அந்தப் பெரிசயாவது கழட்டி எறக்கிடலாமே சார்.”

“கழட்டினா திரும்பப் பூட்ட என்னால ஆவாது தம்பி. கை நடுங்குது பார்.” கையை நீட்டிக் காட்டினார். நடுங்கத்தான் செய்தது.

சந்துக்கு வந்து சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “நம்ம வேல பூச்சிப்பா. வீடு நம்ம வேல இல்ல. மருந்த அடி, லெட்டரக் குடு, வந்துக்கினே இரு” என்றார். வண்டிமேல் உட்கார்ந்தேன். எதிர்வீட்டுத் தறி அடித்துக்கொண்டிருந்தது. கிளம்பிப் போனால் யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை. அந்த அம்மாவின் போர்வையில் எடுத்த பொடி இன்னும் விரலில் ஒட்டியிருந்தது. திரும்பி உள்ளே போனேன்.

அக்காவிடமே நேராகச் சொன்னேன். “அம்மா, மேல இருக்குற உத்தரம் உள்ள ஒண்ணுமில்லாம போயிருக்குது. நீங்க இங்க படுக்கக் கூடாது. இப்பவே நடைக்கு மாத்திடலாம்.”

அவர் உத்தரத்தைப் பார்த்தார். அந்தப் புதுப் பச்சையில் கண் நின்றது. பிறகு வாசலில் நின்ற தம்பியைப் பார்த்தார்.

“அன்னைக்கு ஏணி போட்டு பெயிண்ட் அடிச்சியே, இதுக்குத்தானா?”

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் சுற்றினார்.

“கட்டுலு மேல பிளாஸ்டிக் விரிச்சி, என்ன ஓரமா ஒதுங்கிப் படுக்கச் சொல்லி அடிச்சியேடா. என் தலைக்கு மேல என்ன இருக்குதுன்னு தெரிஞ்சிக்கினே அடிச்சியா?”

“அக்கா…”

நான் கட்டிலின் காலைப் பிடித்தேன். “விடுப்பா” என்றார் அந்த அம்மா. “நீ சொல்லி நான் நகர மாட்டேன். அவன் சொல்லட்டும். அவன் வாயால சொல்லட்டும், நகர்றேன்.”

மேலே செல்லு தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்பதுபோல இருந்தது; கேட்டிருக்க வாய்ப்பில்லை. கட்டிலின் மேல் இருந்த அம்மா, கதவருகில் நின்ற தம்பி, கட்டிலின் காலைப் பிடித்துக் குனிந்திருந்த நான், மூன்று பேருமே அந்த உத்தரத்தின் கீழேதான் இருந்தோம். கடைசியில் அவர், “விழுந்துரும் அக்கா. வெளிய வந்துடு” என்றார். சொல்லும்போது முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

இரண்டு பேருமாகக் கட்டிலை அக்காவோடு சேர்த்து நடைக்கு இழுத்தோம்.

என் மனைவியின் அண்ணன் சென்ட்ரிங் வேலை செய்கிறவர். கான்கிரீட் போடும்போது பலகைக்கு முட்டுக் கொடுக்கிற இரும்பு ஜாக்கிகள் அவரிடம் உண்டு. மத்தியானம் ஆறு ஜாக்கியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். பலகை வைத்து, உத்தரத்துக்கு அடியில் நிறுத்தித் திருகத் தொடங்கினார். இரண்டு சுற்றுக்கே மரம் அப்பளம் மாதிரி நொறுங்கி அவர் தலைமேல் கொட்டியது. கொட்டியதில் வெள்ளை வெள்ளையாகப் புழுபோல நெளிந்தன. துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“மச்சான், இங்க மரமே இல்ல. பெயிண்ட்தான் நின்னுக்கினு இருக்குது.”

நல்ல மரம் கிடைக்கிற இடமாகத் தேடித் தேடி ஆறையும் நிறுத்தினார். “இது தாங்காது. விழறத கொஞ்சம் தள்ளிப் போடும், அவ்ளோதான்” என்று அந்தப் பெரியவரிடமே சொன்னார். பெரியவர் தலையாட்டினார். நாளைக்கு ஐந்து ஐந்து பேராகத்தான் மேலே அனுப்புவேன், பெரிசைத் தொட மாட்டேன், காட்ட மட்டும் செய்வேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்தார். லெட்டரை நான் கொடுக்கவில்லை. அறிக்கையில் உள்ளதை உள்ளபடி எழுதி, போட்டோவும் வைத்தேன். அதற்குமேல் எதுவும் செய்யவில்லை. இன்னும் கொஞ்சம் கத்தியிருக்கலாம் என்று பிறகு பல தடவை நினைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் அங்கே போனேன். படிக்குக் கீழே செருப்புகள் கிடந்தன. எண்ணினேன். இருபது ஜோடி. மேலே பேச்சும் சிரிப்பும் கேட்டன. அக்கா நடையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து அறைக் கதவைச் சாத்தி, ஜாக்கிகள் தெரியாமல் திரை போட்டிருந்தார் பெரியவர்.

“அஞ்சு அஞ்சு பேராத்தான் போனாங்க. அப்பறம் மீதிப் பேரும் ஏறிட்டாங்கப்பா” என்றார் அக்கா.

நான் படியில் கால் வைத்தபோது மேலே யாரோ ஒருவர், “ஐயா, இவ்ளோ தூரம் வந்து இதக் கேக்காம போறதா?” என்று சொல்வது கேட்டது. பெரியவர் ஏதோ சொல்லி மறுத்தார். மறுபடியும் கேட்டார்கள். அப்புறம் கைப்பிடி சுற்றுகிற கரகர ஓசை.

“சார், வேணாம் சார்!” என்று கத்தினேன். அதற்குள் துருத்தி எழுந்துவிட்டது. படியின் உச்சியில் ஆட்கள் முதுகைக் காட்டி நின்றார்கள், நுழைய வழியில்லை. இறங்கி ஓடிவந்து அறைக் கதவைத் திறந்தேன். மேளம் ஒவ்வொரு தடவை விழும்போதும் உத்தரத்தின் முழு நீளத்திலிருந்தும் மாவு இறங்கியது. சல்லடையில் சலிப்பதுபோல மெதுவாக, நிற்காமல். சுவரோரம் இருந்த ஜாக்கியின் அடியில் தரைக்கல் விரிசல் விட்டது. என் கண்முன்னே அந்த விரிசல் கதவுப் பக்கம் ஒரு சாண் வந்தது. நான் உள்ளே போகவில்லை. போயிருந்தாலும் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

“இன்னும் பாதிப் பாட்டு இருக்குது” என்றார் பின்னாலிருந்து அக்கா. ஏழு வருடம் கீழே இருந்தே கேட்டவருக்கு ஒவ்வொரு அடியும் மனப்பாடம். “இப்ப மேளம் நிக்கும். அப்பறம் கொழல் மட்டும். கடசில மூணு தடவ பலமா அடிக்கும் பாரு.”

மேளம் நின்றது. குழல் மட்டும் வந்தது. அந்தக் குழல் முடியக் கூடாது என்று ஏசுவை வேண்டிக்கொண்டேன். முடிந்தது. மூன்று அடி விழுந்தது. மூன்றாவதில் உத்தரம் ஒரு சத்தம் போட்டது. கரும்பை முழங்காலில் வைத்து முறிக்கும்போது, முறிவதற்கு முன்னால் வருமே, அது.

மேலே கைதட்டல். நீண்ட நேரம் தட்டினார்கள்.

ஒன்றும் விழவில்லை. எல்லோரும் இறங்கி, செருப்பு மாட்டி, பெரியவரைக் கட்டிப்பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். கடைசி ஆள் போனதும் அவர் என்னிடம் வந்தார். முகம் சிவந்து, கண் மின்ன, கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தார்.

“பாத்தியா தம்பி. ஒண்ணும் ஆவல.”

அவரிடம் பேச எனக்குப் பிடிக்கவில்லை. கதவைத் திறந்து, தரையில் ஓடியிருந்த விரிசலைக் காட்டினேன். பார்த்தார். சட்டென்று வயதாகிவிட்டதுபோல, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். அக்கா அவருக்கு இடம்விட்டு நகரவில்லை.

பதிமூன்று நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை பதினொரு மணிக்கு எனக்குப் போன் வந்தது. அக்காதான். கம்பெனி கார்டில் என் நம்பர் எழுதிக் கொடுத்திருந்தேன்.

“அது கீழ வந்துடுச்சுப்பா” என்றார். பதற்றமே இல்லாத குரல்.

நான் போனபோது தெருவே கூடியிருந்தது. தறிகள் எல்லாம் நின்றிருந்தன. அந்த அறையின் கூரை அறைக்குள் கிடந்தது. கட்டில் இருந்த இடத்தில் பெரிசு சாய்ந்து விழுந்து, கண்ணாடி நொறுங்கி, குழல்கள் செங்கல்லுக்கு நடுவில் நீட்டிக்கொண்டிருந்தன. மேளம் மட்டும் முழுசாக உருண்டு வாசல் பக்கம் வந்திருந்தது. மூன்று ஜாக்கி வளைந்திருந்தன, மூன்று சும்மா நின்றன. உடைந்த மரத்திலிருந்து செல்லு வெளிச்சத்துக்கு வந்து, துருத்தியின் தோல்மேல் வழி தெரியாமல் ஊர்ந்துகொண்டிருந்தது. நடையில் போட்டிருந்த கட்டிலிலிருந்து அக்கா கழுத்தை நீட்டி அதை மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இவ்ளோ பெருசா?” என்றார். “நான் ஒரு பீரோ கணக்கா நெனச்சிக்கினு இருந்தேன்.”

பெரியவர் நடைச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். தலை, மீசை எல்லாம் சுண்ணாம்பு. நான் பக்கத்தில் குந்தினேன். யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். “காலைல போய் அதுக்கு எண்ணெ விட்டேன். எறங்கி வந்து மூஞ்சி கழுவிக்கினு இருந்தேன். பத்து நிமிஷம்.” விரல்களை விரித்துப் பத்து என்று காட்டினார். காட்டிய கையை மடக்கவே இல்லை.

சூப்பர்வைசர் அன்று மாலையே கூப்பிட்டு, அந்த அறிக்கையில் என்ன எழுதினாய் என்று கேட்டார். உள்ளதை எழுதினேன் என்றேன். அந்த மாதத்தோடு அந்தக் கம்பெனியிலிருந்து விலகினேன். இப்போது தனியாக அதே வேலையைச் செய்கிறேன்.

மெட்ராஸ்காரர்கள் திரும்ப வந்தார்கள். சின்னப் பெட்டிகளை மருந்து வைத்து, சுற்றி, எடுத்துப் போனார்கள். பெரிசின் சிதறலை யாரும் கேட்கவில்லை. பெரியவரும் அக்காவும் இரண்டு தெரு தள்ளி, கான்கிரீட் கூரை போட்ட ஒரு தரைவீட்டுக்குக் குடிபோனார்கள். குடிபோவதற்கு முன் அந்த வீட்டைப் பார்த்துச் சொல்லும்படி என்னைக் கூப்பிட்டார்கள். கதவு நிலை, அலமாரி, சுவரடி எல்லாம் தட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பெரியவர் இன்னொரு தடவை பார்க்கச் சொன்னார். பார்த்தேன்.

வீட்டில் இரண்டு அறை இருந்தது. பின்னறையில் பெரியவர் தன் பாயைப் போட்டிருந்தார். அக்கா அதைப் பார்த்ததும், “அத எடுத்துக்கினு வந்து இங்க போடு” என்று தன் கட்டிலுக்குப் பக்கத்தைக் காட்டினார்.

“எதுக்கு அக்கா? அங்க எடம் இருக்குதே.”

“இங்கயே படு. விழுந்தா ரெண்டு பேர் மேலயும் விழட்டும்.”

பெரியவர் போய்ப் பாயைச் சுருட்டி எடுத்துவந்தார்.